கேளுங்க, சொல்றேன்: ஸ்டான்லி சாமியார் பத்தி வந்த கேள்விங்க

போன மாசம் பினாங்கு புக்கிட் மெர்த்தாஜாம் செயிண்ட் ஆன் திருநாள் பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு பதில் எழுதறப்ப, கடைசில போற போக்குல ஒரு வரி சேர்த்தேன். திருநாள் முடிஞ்ச ரெண்டாம் நாள், ஜூலை 28, ஸ்டான்லி ரோதர்னு ஒரு கத்தோலிக்க சாமியாரோட நாளு, குவாத்தமாலா உள்நாட்டுப் போர்ல அவரக் கொன்னுட்டாங்க, முடிஞ்சா அவரயும் நெனச்சுக்குங்கன்னு. அவ்ளோதான் எழுதினேன், ஆனா வாட்ஸாப்ல வந்த கேள்விங்கள பாத்தா இந்த மாசம் பக்கம் பூரா அவருக்கே போயிரும் போல இருக்கு. பரவால்ல, போகட்டும். மாரடைப்பு பத்தியும் இ.பி.எஃப். காசு பத்தியும் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பாக்கலாம்.

அண்ணே, யாருண்ணே அந்த ஸ்டான்லி சாமியாரு? ஒரு வரில எழுதிட்டு போயிட்டீங்க. ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க.
– வாசகர், சுங்கை சிப்புட்

நம்ம ஊர்க்காரரே மொதல்ல கேட்டுட்டீங்க, சந்தோஷம்.

அமெரிக்காவுல ஒக்லஹோமான்னு ஒரு மாநிலம், அதுல ஓகார்ச்சின்னு ஒரு சின்ன ஊரு, ஜெர்மன்காரங்க வந்து குடியேறி கோதுமை போட்ட பூமி. அங்க ஒரு விவசாயி வீட்டு மூத்த பையன், 1935 மார்ச் 27ல பொறந்தவரு. டிராக்டர் ஓட்டுவாரு, ரிப்பேர் பண்ணுவாரு, மாடு கன்னு பாத்துக்குவாரு, ஸ்கூல்லயும் வருங்கால விவசாயிங்க சங்கம்னு ஒண்ணுலதான் மும்முரமா இருந்தாரு. இந்தப் பையன் ஒரு நாள் நான் சாமியாராப் போறேன்னு சொல்றாரு. அப்பாக்காரர் கேட்டாராம், அப்ப ஏன்டா இத்தன நாளு விவசாய சங்கம்னு சுத்துன, லத்தீன் படிச்சிருக்கலாமேன்னு.

அப்பா வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சு. அந்தக் காலத்துல குருமடத்துல பாடம் எல்லாம் லத்தீன்லதான், இவருக்கு அது மண்டையில ஏறவே இல்ல. டெக்சாஸ்ல சான் அந்தோனியோ குருமடத்துல தோட்ட வேலை, மராமத்து வேலை, புஸ்தகம் பைண்டிங் பண்றது எல்லாம் ஜோரா செய்யறாரு, பரீட்சை மட்டும் ஃபெயிலு. நீ வீட்டுக்குப் போப்பான்னு அனுப்பிட்டாங்க. ஆனா அவரோட பிஷப் விக்டர் ரீட் கூப்பிட்டு, உனக்கு இன்னும் ஆசை இருக்கான்னு கேட்டாரு, இருக்குன்னதும் மேரிலாந்துல இன்னொரு குருமடத்துல சேத்துவிட்டாரு. அங்க தட்டுத் தடுமாறி முடிச்சு 1963 மே 25ல குருப்பட்டம் வாங்கினாரு.

அஞ்சு வருஷம் ஒக்லஹோமாவுலயே பங்குல வேலை. 1968ல குவாத்தமாலாவுக்கு போனாரு. ஒக்லஹோமா மறைமாவட்டம் அங்க ஏற்கனவே ஒரு மிஷன் வச்சிருந்துச்சு. சாந்தியாகோ அதித்லான்னு ஊரு பேரு, பெரிய ஏரி, ஏரியச் சுத்தி எரிமலை, கரையில மாயா இனத்துல ட்சூதுஹில்னு ஒரு ஜனம். ஸ்பானிஷ் இல்ல, அவங்களுக்குன்னு தனி பாஷை. லத்தீன்ல கோட்டை விட்ட மனுஷன் அங்க போயி ஸ்பானிஷும் கத்துக்கிட்டு, அதுக்கு மேல ட்சூதுஹிலும் கத்துக்கிட்டு, அந்த பாஷையிலயே பூசை வச்சாரு, பிரசங்கம் பண்ணாரு. அதுவரைக்கும் பெரும்பாலும் வாயிலயே வாழ்ந்த பாஷை அது, இவருக்கு முன்னாடி வந்த சாமியார் ஒருத்தர் அத எழுத்துக்கு கொண்டு வர வேலைய ஆரம்பிச்சு வச்சிருந்தாரு, புதிய ஏற்பாட அந்த பாஷைக்கு கொண்டு வந்த குழுவுல ஸ்டான்லியும் இருந்தாரு. பரீட்சைப் பேப்பர்ல வராதது ஜனங்களோட ஒக்காந்து சோறு தின்னா வந்துருது போல.

அந்த ஜனங்களுக்கு ஸ்டான்லிங்கற பேரு வாயில நொழையல. அவரோட நடுப்பேரு பிரான்சிஸ், அத அவங்க பாஷையில ஆக்கி 'பாத்ரே அப்லாஸ்'னு கூப்பிட்டாங்க. ஆரம்பத்துல பத்து பன்னெண்டு பேரு இருந்த மிஷன், சாமியாருங்க கன்னியாஸ்திரீங்க டாக்டர்னு ஒவ்வொருத்தரா கெளம்பிப் போயி, 1975 வாக்குல கடைசில இவரு ஒருத்தர்தான் மிச்சம். நிலத்த திருத்த புல்டோசர் இவரே ஓட்டினாரு. விவசாயக் கூட்டுறவு, ஒரு சின்ன ஆஸ்பத்திரி, எழுதப் படிக்க கத்துக் குடுக்கறதுன்னு மிஷன் ஆரம்பிச்ச எல்லாத்தயும் விடாம இழுத்துக்கிட்டுப் போனாரு. 1976 பிப்ரவரி நிலநடுக்கத்துல குவாத்தமாலாவுல இருபதாயிரத்துக்கும் மேல செத்தாங்க, அப்ப கல்லு மண்ணு அள்ளப் போனவங்கள்ல இவரும் ஒருத்தரு.

ஐயா, அங்க எதுக்கு சண்டை வந்துச்சு? நம்ம பேப்பர்ல எல்லாம் குவாத்தமாலா பேரே வராதே.
– வாசகி, தெலுக் இந்தான்

பேப்பர்ல வராதும்மா, காப்பிக்கொட்டை பாக்கெட்ல மட்டும் வரும்.

சுருக்கமா சொன்னா நிலம். அந்த நாட்டுல பாதி ஜனம் மாயா பழங்குடி, ஆனா நல்ல நிலம் எல்லாம் காப்பி, பருத்தி, கரும்பு, வாழைன்னு பெரிய தோட்டக்காரங்க கையில. 1979 கணக்கெடுப்புல நூத்துக்கு ரெண்டரை பங்கு பண்ணைங்ககிட்ட மூணுல ரெண்டு பங்கு நிலம் இருந்துச்சு. மலையில இருக்கற மாயா ஜனத்துக்கு ஆளுக்கு ஒரு துண்டு மக்காச்சோளக் காடு, அது வயித்துக்குப் பத்தாது, அதனால அறுவடை சீசன் வந்தா லாரியில ஏத்திக்கிட்டு கடலோரத் தோட்டத்துக்கு கொண்டு போவாங்க. எப்படி கொண்டு போவாங்கன்னு கேளுங்க, ஒரு ஏஜெண்டு ஊருக்குள்ள வந்து கல்யாணத்துக்கும் நோவுக்கும் முன்பணம் குடுப்பான், அந்தக் கடனக் கழிக்க குடும்பத்தோட போயி ஒழைக்கணும், போன எடத்துல கடையிலயும் கடன் ஏறும், மறு வருஷமும் போகணும். கங்காணி கதை கேட்டு வளந்த நமக்கு இத வெளக்கவே வேண்டியதில்ல. என்ன, நம்ம தாத்தா பாட்டிய கப்பல் ஏத்திக் கொண்டாந்தாங்க, அவங்கள சொந்த மண்ணுலயே லாரி ஏத்தினாங்க.

1952ல ஹாக்கோபோ ஆர்பென்ஸ்னு ஒரு ஜனாதிபதி, சும்மா கெடக்கற நிலத்த எடுத்து ஏழைங்களுக்கு பிரிச்சுக் குடுக்க சட்டம் போட்டாரு. யுனைடெட் ஃபுரூட்னு அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி, அதுக்குத்தான் அங்க நெறைய நிலம், அதுவும் சும்மாவே கெடந்த நிலம். 1954ல அமெரிக்க சி.ஐ.ஏ. பின்னாடி நின்னு அவரக் கவுத்துட்டாங்க, குடுத்த நிலத்தயும் திருப்பிப் புடுங்கிட்டாங்க. 1960ல கெரில்லா சண்டை ஆரம்பிச்சு 1996 வரைக்கும் போச்சு. முப்பத்தாறு வருஷம். செத்தவங்க, காணாமப் போனவங்க ரெண்டு லட்சத்துக்கு மேல. 1999ல ஐ.நா. ஆதரவுல நடந்த உண்மை கமிஷன் கணக்குப் பாத்து சொன்னது, பதிவு பண்ண கொடுமைங்கள்ல நூத்துக்கு 93 அரசாங்கப் பக்கம், அடையாளம் தெரிஞ்சவங்கள்ல நூத்துக்கு 83 பேரு மாயா ஜனம். இத எழுதறப்பவே கை நடுங்குது, ரெண்டு பக்கமும் தப்புன்னு ஈஸியா சொல்லிட்டுப் போக முடியாத கணக்கு இது.

அந்த சாமியார் கம்யூனிஸ்ட்டுன்னு எங்க மாமா சொல்றாரு. துப்பாக்கி தூக்குனவரா?
– வாசகர், பாகான் செராய்

மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்க. துப்பாக்கி தூக்கல, துப்பாக்கிக்காரனுக்கு சப்போர்ட்டும் பண்ணல, கெரில்லாவோட வழியும் அவருக்குப் பிடிக்கல, அவரோட லெட்டருங்கள்ல அரசியல் பேச்ச விட கோதுமை விலையும் லாரி டயரும்தான் அதிகம் இருக்கும் போல. அப்புறம் ஏன் கொல்ல வேண்டியவங்க லிஸ்ட்ல பேரு வந்துச்சு?

மிஷன்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருந்துச்சு, 'அதித்லானின் குரல்'னு பேரு. ஜனங்களோட பாஷையிலயே எழுத்துப் பாடம், கணக்கு, ஒடம்பு சுகாதாரம், பயிர் விவரம் எல்லாம் வரும். தோட்டத்து லயத்துல ரேடியோ ஆறுல தமிழ்ச் செய்தி கேட்டு வளந்த ஆளுங்க யோசிச்சுப் பாருங்க, ஒங்க பாஷையில ஒரு குரல் வந்தா நெஞ்சு எப்படி நிமிரும். படிக்கத் தெரிஞ்சவன் கடன் சீட்ட படிப்பான், கூலி எவ்ளோன்னு கணக்குப் போடுவான், கூட்டுறவுல சேந்தா முன்பணக்காரன் கிட்ட போக மாட்டான். தோட்ட மொதலாளிக்கும் பட்டாளத்துக்கும் இது கம்யூனிசம் மாதிரிதான் தெரிஞ்சுச்சு. ஏழைக்கு சோறு போட்டா புண்ணியவான், ஏழைக்கு கணக்குச் சொல்லிக் குடுத்தா சதிகாரன்.

மாமா வயசுக்கு மலாயா எமர்ஜென்சி, அதான் வெள்ளைக்காரன் காட்டுல இருந்த கம்யூனிஸ்ட்டுங்களோட சண்டை போட்ட காலம், நெனப்பு இருக்கும். 1948 ஜூன் 16ல மூணு வெள்ளைக்கார தொரைங்கள சுட்டது எங்க சுங்கை சிப்புட் பக்கந்தான், அதுக்கப்புறம் லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி, அரிசிய அளந்து அளந்து குடுக்கறது, ராத்திரி காட்டுக்காரன் வந்து அரிசி கேப்பான், காலையில போலீஸ் வந்து யாருக்குடா குடுத்தேன்னு கேப்பான். சங்கம்னு சொன்னாலே சந்தேகம். அந்த நெருக்கடில நின்ன ஜனத்துக்கு அதித்லான்காரங்க நெலம என்னன்னு நல்லாவே புரியும், மாமாவுக்கும் புரியும், கேட்டுப் பாருங்க.

சார், நான் படிச்சேன். அவரு கூட இருந்த உபதேசியார இழுத்துட்டுப் போறப்ப இவரு பாத்துக்கிட்டு சும்மா நின்னாராம், அப்புறம் அமெரிக்காவுக்கு ஓடியும் போயிட்டாராம். இவரு எப்படி வேதசாட்சி, வேதத்துக்காக உயிரக் குடுத்தவரு? கோவமா கேக்கல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.
– கல்லூரி மாணவி, ஈப்போ

நல்ல கேள்வி பாப்பா, வந்த எல்லாத்துலயும் இதுதான் கஷ்டமானது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

1980 அக்டோபர்ல பட்டாளம் வந்து ஊர்ல முகாம் போட்டுச்சு. அந்த மாசக் கடைசிலயே ரேடியோ ஸ்டேஷன நடத்தின காஸ்பார் குலான்ங்கறவர தூக்கிட்டுப் போயிட்டாங்க, ஸ்டேஷனையும் சூறையாடிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா காணாமப் போக ஆரம்பிச்சாங்க. காணாமப் போறதுன்னா, ராத்திரி முகமூடிக்காரங்க வருவாங்க, அவ்ளோதான், அப்புறம் கெடச்சா ரோட்டோரத்துல பொணம் கெடைக்கும், இல்லன்னா அதுவும் இல்ல. ஜனங்க வீட்டுல படுக்க பயந்து கோயிலுக்குள்ள வந்து படுத்தாங்க. புருஷன தொலைச்ச பொம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும் சாமியார்தான் சோத்துக்கு வழி பண்ணாரு. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒக்லஹோமாவுக்கு எழுதின லெட்டர்லதான், முதல் ஆபத்து தெரிஞ்ச உடனே ஆயன் ஓடிட முடியாதுன்னு எழுதினாரு, இன்னிக்கு படத்துக்கு கீழ எல்லாம் போடறாங்களே அந்த வரி.

அந்த லெட்டர் எழுதி ரெண்டு மூணு வாரம்கூட ஆகல, 1981 ஜனவரி 3, சனிக்கிழமை சாயங்காலம். தியேகோ கிக்னு ஒரு உபதேசியார், ஜனங்களுக்கு வேதபாடம் சொல்லிக் குடுக்கறவரு, முப்பது வயசு போல, பொண்டாட்டி புள்ளைங்க இருக்கறவரு, அவரு பேரும் லிஸ்ட்ல இருந்ததால சாமியார் வீட்டுலதான் ராத்திரி தங்குவாரு. வீட்டு வாசலுக்கு சில அடி தூரத்துல நாலு பேரு மடக்கிட்டாங்க. தியேகோ வராந்தா கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உதவி உதவின்னு கத்துறாரு. ஸ்டான்லி சத்தம் கேட்டு வெளிய வர்றாரு, பாக்கறாரு, எறங்கிப் போனா தன்னயும் சேத்துக் கொன்னுருவாங்க, இல்ல தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு அந்த நொடியில தெரியுது, நிக்கறாரு. கார்ல போட்டு கொண்டு போறாங்க, தெருவுல கொஞ்ச தூரம் வரைக்கும் அந்தாளு கத்துற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தியேகோ திரும்பி வரவே இல்ல.

இது எப்படி நமக்குத் தெரியும்? ஸ்டான்லியே எழுதினாரு. யாரும் அவரக் குத்தம் சொல்லல, சாட்சி கூண்டுல ஏத்தல, அவரே ஒக்காந்து நான் நின்னேன், என்னால ஒண்ணும் பண்ண முடியலன்னு லெட்டர்ல எழுதி அனுப்பினாரு. ஓடிப் போயி தடுத்தேன், அடிச்சுத் தள்ளிட்டாங்கன்னு எழுதியிருந்தா யாருக்குத் தெரியப் போவுது? எனக்கு அவரு மேல நம்பிக்கை வந்ததே இந்த லெட்டர்னாலதான். புனிதருங்க கதை எழுதறவங்க இந்த எடத்த லேசா தாண்டிப் போயிடுவாங்க, நீ தாண்டாம நின்னு கேட்டிருக்க.

அமெரிக்காவுக்குப் போனதும் உண்மை. அதே ஜனவரி மாசம் இவரு பேரும் லிஸ்ட்ல இருக்குன்னு தகவல் வந்துச்சு, கூட இருந்த உள்ளூர் உதவிச் சாமியாருக்கும் ஆபத்து, அவரயும் கூட்டிக்கிட்டு கெளம்பினாரு. ஒக்லஹோமாவுல அப்பா அம்மா வீடு, நல்ல சாப்பாடு, பயமில்லாத தூக்கம். யாரும் திரும்பிப் போன்னு சொல்லல, போகாதன்னுதான் சொன்னாங்க. ரெண்டு மூணு மாசம் இருந்துட்டு, ஈஸ்டருக்கு முன்னாடி புனித வாரத்துக்கு அதித்லானுக்குத் திரும்பிட்டாரு. என் ஜனங்க என்னய எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்கங்கறதுதான் அவரு காரணம், வேற தத்துவம் ஒண்ணும் பேசல. ஓடினாருங்கறத மட்டும் படிச்சுட்டு, திரும்பினத விட்டுட்டா கதை பாதிதான். பயமே இல்லாதவரு திரும்பிப் போனா அதுல ஒண்ணும் இல்ல, இவரு பயந்தவரு, கதவு ஜன்னல் எல்லாம் பாத்துப் பாத்துப் பூட்டினவரு, படுக்கற ரூமக்கூட மாத்தினவரு.

கடைசில எப்படி செத்தாரு?
– வாசகர், கோலாகங்சார்

1981 ஜூலை 28, நடு ராத்திரி தாண்டி கொஞ்ச நேரம். முகமூடி போட்ட மூணு பேரு சாமியார் வீட்டுக்குள்ள பூந்தாங்க. அவரு எந்த ரூம்ல படுக்கறாருன்னு தெரியல, அங்க தங்கியிருந்த ஒரு பையன் தலையில துப்பாக்கிய வச்சு, காட்டுறியா இல்லன்னா ஒன்னய சுடவான்னு கேட்டாங்க. பையன் கதவத் தட்டி, ஃபாதர், ஒங்கள தேடி வந்திருக்காங்கன்னு சொன்னான். தொறக்காம இருந்தா பையன் காலி. தொறந்தாரு.

அவரு முன்னாடியே ஒரு முடிவு பண்ணி வச்சிருந்தாரு, உயிரோட தூக்கிட்டுப் போக விடக்கூடாதுன்னு. தூக்கிட்டுப் போனா சித்திரவதை, சித்திரவதையில யாரு பேரயாச்சும் சொல்லிட்டா இன்னும் பல பேரு சாவாங்க. பண்ணையில வளந்த ஒடம்பு, நல்லாவே சண்டை போட்டாரு, மூணு பேரயும் சமாளிச்சாரு, இங்கயே கொல்லுங்கடான்னு கத்தின சத்தம் வீட்டுல இருந்தவங்களுக்குக் கேட்டுச்சு, ஆனா காப்பாத்துங்கன்னு ஒரு தடவ கூட கூப்பிடல, கூப்பிட்டா ஓடி வர்றவங்களும் சாவாங்கன்னு தெரியும். தலையில சுட்டாங்க. வயசு 46.

அவரு இதயம் மட்டும் அங்க இருக்கறதா ஃபேஸ்புக்ல பாத்தேன். உண்மையா, இல்ல வழக்கம் போல கப்சாவா?
– வாசகி, பத்து காஜா

உண்மைதான். ஒடம்ப ஒக்லஹோமாவுக்கு கொண்டு போகணும்னு குடும்பம் கேட்டுச்சு, நியாயந்தானே, பெத்தவங்க. எங்க சாமியார எங்க மண்ணுலதான் பொதைக்கணும்னு ஊர் ஜனம் நின்னுச்சு. கடைசில இதயத்த மட்டும் எடுத்து அதித்லான் கோயில்லயே வச்சுட்டு ஒடம்ப அனுப்பினாங்க. அவரக் கொன்ன ரூம இன்னிக்கும் ஜெபம் பண்ற எடமா வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க ஓரியூர்ல அருளானந்தர் ரத்தம் பட்ட செம்மண்ண பொட்டலம் கட்டி பைபிள்ல வச்சுக்குவாங்கல்ல, ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து வந்த குடும்பங்களுக்குத் தெரியும், அந்த மாதிரி பக்திதான். பார்க்க பயமா இருக்குன்னு ஒங்களுக்குத் தோணினா புரியுது, எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு.

ஒடம்ப மொதல்ல ஓகார்ச்சில பொதச்சாங்க, அப்புறம் ஒக்லஹோமா நகரத்துல அவரு பேருல பெரிய திருத்தலம் ஒண்ணு கட்டி 2023 பிப்ரவரில தெறந்தாங்க, இப்ப அங்கதான் இருக்கு.

அவரு செயிண்ட்டா? புதுமை ஏதாச்சும் நடந்துச்சா?
– வாசகர், சித்தியவான்

இன்னும் செயிண்ட் இல்ல, அதுக்கு ஒரு படி கீழ, முத்திப்பேறு பெற்றவர். வேதசாட்சியா செத்தாருன்னு திருச்சபை ஏத்துக்கிட்டா இந்தப் படிக்கு புதுமை தேவையில்ல, செத்த விதமே போதும். 2016 டிசம்பர்ல போப் பிரான்சிஸ் ஏத்துக்கிட்டாரு, 2017 செப்டம்பர் 23ல ஒக்லஹோமா நகரத்துல பட்டம் குடுத்தாங்க, அமெரிக்காவுல பொறந்தவங்கள்ல வேதசாட்சின்னு ரோமாபுரி ஏத்துக்கிட்ட மொத ஆளு இவருதான். செயிண்ட் ஆக ஒரு புதுமை வேணும். ஜூலை 28 நம்ம கேரளத்து புனித அல்போன்சம்மா நாளும்கூட, அதனால அன்னிக்கு பூசைக்குப் போனா ரெண்டு பேரயும் சேத்து வேண்டிக்கலாம்.

வெள்ளைக்காரன் செத்தா பட்டம், படம், திருத்தலம். கூட செத்த பழங்குடி உபதேசியாருக்கு? இலங்கையில எங்க சாமியாருங்க எத்தன பேரு போயிட்டாங்க, அவங்களுக்கு என்ன? மன்னிக்கணும், யாழ்ப்பாணத்து ரத்தம், பேசாம இருக்க முடியல.
– வாசகர், தைப்பிங்

மன்னிப்பெல்லாம் எதுக்குங்க ஐயா. நீங்க கேக்கறது சரிதான்.

அமெரிக்க மறைமாவட்டத்துக்கு காசு இருக்கு, ஃபைல் எழுத ஆளு இருக்கு, ரோமாபுரிக்குப் போயி வந்து வாதாட வக்கீலு இருக்கு. தியேகோ கிக் பொண்டாட்டிக்கு என்ன இருந்துச்சு? பட்டம் குடுக்கற வேலையிலயும் பணக்காரக் கோயிலுக்கு ரோடு போட்டு வச்சிருக்கும், ஏழைக் கோயிலுக்கு ஒத்தையடிப் பாதைதான். அத ஒத்துக்கறேன்.

ஆனா அந்த நாட்டுலயே 2021 ஏப்ரல் 23ல கிச்சே மாவட்டத்துல பத்து பேருக்கு ஒண்ணா பட்டம் குடுத்தாங்க. மூணு பேரு ஸ்பெயின் சாமியாருங்க, ஏழு பேரு சாதாரண ஜனம், உபதேசியாருங்க, விவசாயிங்க, அதுல ஹுவான் பரேராங்கற பையனுக்கு பன்னெண்டு வயசுதான். பன்னெண்டு. அங்க நெலம எவ்ளோ மோசம்னா 1980ல பிஷப் ஹுவான் ஹெரார்தி அந்த மாவட்டத்துலேர்ந்து எல்லா சாமியாரயும் வெளியேத்திட்டாரு, சாமியார் இல்லாத ஊர்ல ஜனங்களே ரகசியமா நற்கருணைய எடுத்துக்கிட்டுப் போயி ஜெபம் நடத்தினாங்க. அந்த பிஷப்பு பின்னாடி செத்தவங்க பேரயெல்லாம் சேத்து பெரிய அறிக்கை ஒண்ணு வெளியிட்டாரு, 1998 ஏப்ரல் 24ல. ரெண்டே நாள்ல, 26ஆம் தேதி ராத்திரி, அவரயே அடிச்சுக் கொன்னுட்டாங்க. இத்தனைக்கும் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இலங்கை. 1985 ஜனவரி 6, மன்னார் வங்காலை, மேரி பஸ்தியான் சாமியார ராணுவம் சுட்டுச்சு, ஒடம்பு கூட ஜனங்க கைக்கு வரல. 1987 நவம்பர் 10, புத்தளயில மைக்கேல் ரொட்ரிகோ சாமியாரு, அவரு சிங்கள ஏழை விவசாயிங்க நடுவுல வாழ்ந்தவரு, பூசை வச்சுக்கிட்டு இருக்கறப்பவே சுட்டாங்க. 2006 ஆகஸ்ட்ல அல்லைப்பிட்டி ஜிம் பிரவுன் சாமியாரு, ஷெல்லுக்கு பயந்து கோயிலுக்கு ஓடி வந்த ஜனத்த காப்பாத்த நின்னவரு, ஒரு வாரம் கழிச்சு 20ஆம் தேதி காணாமப் போனாரு. 2008 ஏப்ரல் 20, வன்னியில கருணாரத்தினம் சாமியாரு, கிளி ஃபாதர்னு சொன்னாத்தான் ஒங்களுக்குத் தெரியும், கிளைமோர் கண்ணிவெடி வச்சுக் கொன்னுட்டாங்க. இவங்க யாருக்கும் இதுவரைக்கும் பட்டம் இல்ல. தமிழ் சாமியார் மட்டும்னு நெனச்சுக்காதீங்க, ரொட்ரிகோவ வேணும்னுதான் சேத்திருக்கேன்.

ஒண்ணு மட்டும் சொல்றேன் ஐயா, கோவிச்சுக்காதீங்க. பட்டம் ரோமாபுரி குடுக்கறது, ஆனா பேர எழுதி வைக்கறது நாம செய்யற வேலை. தைப்பிங்ல, ஈப்போவுல, செந்தூல்ல எத்தன யாழ்ப்பாணக் குடும்பம் இருக்கு, அந்த சாமியாருங்ககிட்ட ஞானஸ்நானம் வாங்குனவங்க, பாடம் படிச்சவங்க, கடிதாசி வச்சிருக்கறவங்க இங்கயும் இருப்பாங்க. கிச்சேல பட்டம் வந்ததே ஊர் ஜனம் பேரும் தேதியும் மறக்காம சொன்னதாலதான். நீங்க ஆரம்பிங்க, எழுதி அனுப்புனா இந்தப் பக்கத்துல எடம் தர்றேன்.

நான் இந்து. எங்க லயத்துல அந்தோனியார் கோயிலும் மாரியம்மன் கோயிலும் பக்கம் பக்கமா இருந்துச்சு. இந்த சாமியார் படத்த வீட்டுல வைக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

வைங்கம்மா. அந்தோனியார் பொங்கல் நீங்க சாப்பிட்டப்ப யாரும் கேக்கல, இப்ப யாரு கேக்கப் போறா.

கடைசி கேள்வி அண்ணே. அந்த ஊரு இப்ப எப்படி இருக்கு? அவரு செத்ததால ஏதாச்சும் மாறுச்சா?
– வாசகர், ஊத்தான் மெலிந்தாங்

ஒடனே ஒண்ணும் மாறல. அவரு செத்தப்புறமும் ஒம்போது வருஷம் பட்டாளம் அங்கயேதான் இருந்துச்சு, ஊர்க்காரங்க நூத்துக்கணக்குல போயிட்டாங்க. ஆஸ்பத்திரியும் மூடிட்டாங்க.

1990 டிசம்பர் 1 ராத்திரி, குடிச்சுட்டு வந்த பட்டாளத்தானுங்க ஊருக்குள்ள தகராறு பண்ணி சுட்டதுல ஜனத்துக்கு பொறுமை போச்சு. கோயில் மணி அடிச்சாங்க. விடியறதுக்குள்ள ஆயிரக்கணக்கான பேரு, ஆம்பள பொம்பள புள்ளைங்க எல்லாம், கையில ஆயுதம் இல்லாம வெள்ளைக் கொடி பிடிச்சுக்கிட்டு முகாமுக்கு நடந்தாங்க. சுட்டாங்க. பதிமூணுன்னும் பதினாலுன்னும் கணக்கு சொல்றாங்க செத்தவங்கள, அதுல சின்னப் பசங்களும் உண்டு. இந்தத் தடவ ஜனம் வீட்டுக்குள்ள போயி கதவ சாத்திக்கல. கையெழுத்து போடத் தெரிஞ்சவங்க கையெழுத்து, தெரியாதவங்க கைநாட்டு, ஆயிரமாயிரமா சேத்து பட்டாளம் எங்களுக்கு வேணாம்னு ஜனாதிபதிக்கு எழுதினாங்க, வெளிநாட்டுப் பத்திரிக்கைங்களும் வந்துருச்சு. அந்த மாசமே பட்டாளம் முகாமக் காலி பண்ணிட்டுப் போச்சு. குவாத்தமாலாவுல ஒரு ஊரு ஜனம் ராணுவத்த வெளிய போன்னு சொல்லி, அது மொதல்ல போனது அங்கதான். அவரு செத்ததாலதான் இது நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னா மணி அடிச்சவங்களுக்கும் நடந்தவங்களுக்கும் அநியாயம். ஆனா அந்த மனுவுல கையெழுத்து போட்டவங்க சில பேரு எழுத்த எங்க கத்துக்கிட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாக்கறது உண்டு.

ஆஸ்பத்திரிய ஊர் ஜனமே முன்ன நின்னு 2005ல திரும்பத் தெறந்தாங்க. அதே வருஷம் அக்டோபர்ல ஸ்டான்னு ஒரு சூறாவளி, எரிமலைச் சரிவு அப்படியே சேறா எறங்கி பக்கத்து பனபாஹ் கிராமத்த மூடிருச்சு, ஆஸ்பத்திரியும் சேத்துல போச்சு. வேற எடத்துல தற்காலிகமா நடத்திக்கிட்டே புதுசா ஒண்ணு கட்டி முடிச்சாங்க, இப்ப அதுலதான் பிரசவம் பாக்கறாங்க.